நூற்றுப் பன்னிரண்டு சனிக்கிழமைகள்

என் அப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது குதிரைக் கொம்பு. ஆனால் எழுதுவதில் அவர் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. முப்பத்தொரு வருடம் ஒரே பேக்கரியில் மாவு பிசைந்தவர். அங்கே மாவுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. எத்தனை மணிக்குப் பிசைந்தது, வெளியே மழையா வெயிலா, எப்போது பொங்கியது, பொங்கியது அமுங்கியதா, விரலால் அழுத்தினால் குழி திரும்பி வந்ததா என்று தினமும் எழுத வேண்டும். மற்றவர்கள் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் கதை கட்டி எழுதினார்கள். அப்பா ஒருவர்தான் நிஜமாகவே எழுதினார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் மணிக்கு மணி சூடு எழுதி வைப்பார். அம்மா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களையும் எழுதி வைத்திருப்பார் என்பது என் சந்தேகம். அந்த நோட்டு இன்னும் என் கையில் சிக்கவில்லை.

விடிகாலை இரண்டரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்தாக வேண்டும். ஏழுக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் தும்மக்கூட மாட்டோம். நான் வளர்ந்ததே குசுகுசுப் பேச்சில்தான். இப்போது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள், “கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா” என்கிறார்கள்.

வீடு ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம். அப்பாவின் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்கிடங்கு. அது மூடிக் கிடந்தவரை எங்களுக்கும் அதற்கும் ஒரு வம்பும் இல்லை. எனக்குப் பதினேழு வயதானபோது யாரோ அதை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமைதோறும் விடிய விடிய ஆட்டம் வைத்தார்கள். ரேவ் என்று பெயர். பாட்டுக்கு வார்த்தை கிடையாது, அடி மட்டும்தான். அது காதுக்கு வருவதற்கு முன்னால் விலா எலும்புக்கு வந்துவிடும். அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். நான் தலையணைக்கு அடியில் தலையை வைத்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்து சுவரையே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதான் பேக்கரியில் இரண்டு மடங்கு வேலை. அவருக்குச் சனிக்கிழமைத் தூக்கம் போனால் வாரமே போன மாதிரி.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஞாயிறு மதியச் சாப்பாடு எப்போதும் எங்கள் வீட்டில்தான். அந்தக் காலத்தில் கண் சிவந்து வருவார். “சனிக்கிழமை நைட் ட்யூட்டி” என்பார். அப்பா பாவப்பட்டு, அவருக்கென்று எடுத்து வந்த பிரெட்டின் மொறுமொறு ஓரத்தைத் தட்டில் வைப்பார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பாட்டிலேயே தூங்கி விழுவார்கள். “ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியா?” என்று அம்மா கேட்பாள். அவள் விளையாட்டாகச் சொன்னதுதான் உண்மை.

எனக்கு அது தெரியும். பத்தொன்பது வயதில், தோழி வீட்டில் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நாலு சனிக்கிழமை நானே அந்தக் கிடங்குக்குள் போயிருக்கிறேன். முதல் தடவை கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய்ப் பார்த்தால், மேடையில் மாமா. அவரே அறுத்து, ஒட்டி, கம்பி இழுத்துச் செய்த ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்றன. லிஃப்டுக்கு எண்ணெய் விடுகிற அதே விரல்களால் இசைத்தட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. பிறகு உதட்டில் விரலை வைத்தார். நானும் வைத்தேன். என்னைப் போட்டுக்கொடுக்க அவரால் முடியாது, அவரைப் போட்டுக்கொடுக்க என்னால் முடியாது. வீட்டில் அப்பா, “யாரு அந்தக் கிடங்குக்காரன்னு தெரியலையே” என்று முனகும்போதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. இதை நான் பின்னால் நிறையத் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கி இரண்டு வருடம் சொச்சம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா மாவில் உப்புப் போட மறந்தார். நானூறு பிரெட். உப்பில்லாத மாவு தலைகால் தெரியாமல் பொங்கும். வெந்தபின் வாயில் வைக்க முடியாது. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்” என்றார் முதலாளி. அப்பா இதை எங்களிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து நகராட்சிக்காரர்கள் வந்து கிடங்குக்குச் சீல் வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் மாமா வந்து சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அன்றுதான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விஷயம் தெரிந்தது. “எவனோ ஒருத்தன் மனு போட்டுட்டான்க்கா. பேரச் சொல்ல மாட்டேங்கறாங்க. ஸ்பீக்கர், டேப்பு எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு” என்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வாசித்ததைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். ஒரு வருடம் கழித்துக் கிடங்கைத் திறந்தபோது கூரை ஒழுகி, கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. மறுபடி ஸ்பீக்கர் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. லிஃப்டுகளோடு நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மாதத்துக்கு ஒரு தடவையாவது, “அந்த மனு போட்டவன் காது செவிடாப் போகணும்” என்று சாபம் விட்டார். அப்பா குனிந்து பிரெட்டை வெட்டிக்கொண்டிருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அப்பாவுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. டாக்டர் வயசுதான் காரணம் என்றார். அப்பா அதற்குத் தலையாட்டிய விதம் எனக்கு அப்போது புரியவில்லை.

போன வருடம் நகரத்துக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. இந்தப் பகுதியின் இரவு ஆட்டங்களைப் பற்றியது. பழைய சுவரொட்டிகள், நுழைவாயிலில் கையில் குத்திய முத்திரைகள், ஆடித் தேய்ந்த காலணிகள், புகைபோடும் மெஷின் எல்லாம் சேகரித்தார்கள். ஒருகாலத்தில் போலீஸ் துரத்தியதை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தொடாதே என்று எழுதுகிறார்கள். ஏற்பாட்டாளர் ஒரு பெண், ஒட்ட வெட்டிய முடி, எப்போதும் கையில் ஒரு அளவு டேப். மாமாவைத் தேடிப் பிடித்து வந்தார்.

அந்த ஞாயிறு மாமா சாப்பிடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“எங்கிட்ட என்ன இருக்குன்னு கேட்டாங்கக்கா. ஒண்ணும் இல்லன்னேன். அப்போ பேர மட்டும் ஒரு ஓரத்துல போடறோம்னாங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சுவர். நான் சொல்றத மட்டும் நம்பி எப்படி ஒரு சுவர் குடுப்பாங்க? எனக்கே சில நேரம் அப்படி ஒண்ணு நடந்துச்சான்னு சந்தேகமா இருக்கு.”

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். மாமா போனபின் ஏணியைப் போட்டுப் பரண்மேல் ஏறினார். அறுபத்தைந்து வயதில் அவர் ஏணி ஏறுவதற்கு நானும் அம்மாவும் தடை போட்டிருந்தோம். அம்மா மாடியில் துணி எடுக்கப் போன நேரமாகப் பார்த்து ஏறியிருக்கிறார். கீழே வந்து என் மடியில் ஒரு நீள நோட்டை வைத்தார்.

“இத யாரு குடுத்ததுன்னு சொல்லாம குடுக்க முடியுமா?”

பிரித்தேன். பேக்கரியில் எழுதுவது மாதிரியே கோடு போட்டு எழுதியிருந்தார். சனிக்கிழமைக்கு ஒரு பக்கம்.

“சனி. மழை இல்லை. 11.10க்கு ஆரம்பம். நிமிடத்துக்கு 126 அடி. 12.30 வரை பொங்கவில்லை, சூடு போதவில்லை. 1.20க்கு நன்றாகப் பொங்கியது. கை வைத்தால் சுவர் திரும்பி வருகிறது. 2.05க்கு அமுங்கியது. 2.20. வேலைக்குக் கிளம்பினேன். இன்னும் நிற்கவில்லை.”

நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எல்லாப் பக்கமும் அதே வரியில் முடிந்தது: வேலைக்குக் கிளம்பினேன், இன்னும் நிற்கவில்லை. கடைசியாக, நகராட்சிக்கு எழுதிய மனுவின் நகல். கீழே அப்பாவின் பெயர், கையெழுத்து.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “நீங்களாப்பா? பதினெட்டு வருஷமா அவருக்கு எதிர்ல உக்காந்து எப்படிப்பா சாப்பிட்டீங்க?”

“அவன்னு தெரியாது. தெரிஞ்சப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு.” அப்போதுதான் உப்புக் கதையைச் சொன்னார். “எனக்குத் தூங்கணும். அவ்வளவுதான் நெனச்சேன்.”

நான் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. மேடையில் இருப்பது யார் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அப்பா மனுவே எழுதியிருக்க மாட்டார். மச்சானைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் குறை என்று சொல்லியிருப்பார். அதை அவரிடம் சொன்னேன். நாலு சனிக்கிழமை ஆடியதையும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, நான் சொன்ன மாதங்களைத் தேடி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அன்று 1.20க்கு நன்றாகப் பொங்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர் கை.

“உங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சாப்பா?”

“பிடிக்கல. ஆனா வேலை தெரிஞ்சவன் செய்யறான்னு தெரிஞ்சுது. அதுக்காகத் தூக்கம் வந்துடுமா?”

மனு நகலை மட்டும் நோட்டிலிருந்து கிழித்தெடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதி நோட்டை நான் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஏற்பாட்டாளர் நின்றபடியே ஐம்பது பக்கம் படித்தார். எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டோம் என்றேன், தலையாட்டினார். மாமாவுக்கு ஒரு முழுச் சுவர் கிடைத்தது.

நாங்கள் குட்டு வெளிப்படாமல் தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அடுத்த ஞாயிறு மாமா, கலைக்கூடத்தில் அந்த நோட்டைத் தட்டச்சு செய்து கொடுத்த காகிதக் கட்டோடு வந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

“கேளுங்க அத்தான். யாரோ ஒருத்தர் வாராவாரம் கேட்டு எழுதி வெச்சிருக்கார். நிமிஷத்துக்கு எத்தன அடின்னு எண்ணியிருக்கார். எந்த இடத்துல ஏத்தினேன், எந்த இடத்துல இறக்கினேன், எல்லாம் இருக்கு. உள்ள வந்து ஆடினவனுக்குக்கூட இது தெரியாது. எனக்கு இப்படி ஒரு ரசிகன் இருந்திருக்கான், தெரியாமலே போச்சே.”

சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். பொங்கவில்லை, சூடு போதவில்லை என்று அவர் படித்ததும் எனக்கு உறைத்தது. பெயரைக் கிழிக்கத் தெரிந்த எங்களுக்கு, மாவு அந்தப் பக்கங்கள் முழுக்க ஒட்டியிருப்பது தெரியவில்லை. மாமா சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார், அவருக்கு உறைக்கவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்பது வருடமாக அந்த மாவுப் பேச்சைக் கேட்டவள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

“அவரக் கண்டுபிடிச்சு கையப் பிடிச்சு நன்றி சொல்லணும்க்கா” என்றார் மாமா. பதினெட்டு வருடம் சாபத்தை வாங்கி விழுங்கிய அப்பாவுக்கு அந்த நன்றி இறங்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார், வெகுநேரம் கழுவினார்.

மாமா கிளம்பியதும் அம்மா கதவைச் சாத்தினாள். “நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“சொன்னா அவன் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டான்.”

“வரமாட்டான்தான். எனக்கு இருக்கறது ஒரே ஒரு தம்பி. அவன் இங்க சாப்பிடறதுன்னா உண்மை தெரிஞ்சு சாப்பிடட்டும். இல்லன்னா வேண்டாம்.” சொல்லிவிட்டு அழுதாள். அவள் பஞ்சு வைத்துக்கொண்ட காதுக்காரி. ஆனாலும் எங்கள் மூவரில் சத்தமாகப் பேசியது அவள்தான்.

கண்காட்சி திறந்த நாள் சாயங்காலம் நாலு பேரும் போனோம். ஒருகாலத்தில் விடிய விடிய ஆடியவர்கள் முட்டிவலியோடு நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் சுவர் கடைசி அறையில். நூற்றுப் பன்னிரண்டு சனிக்கிழமைகளையும் பெரிய எழுத்தில் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். நோட்டு ஒரு கண்ணாடிப் பெட்டியில். சுவருக்குள் ஸ்பீக்கர் வைத்து நிமிடத்துக்கு 126 அடி கொடுத்தார்கள். சத்தம் அவ்வளவாக வெளியே வராது, கை வைத்தால் தெரியும். ஜனங்கள் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

மாமா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் போனார். “இங்க வைங்க அத்தான். அந்த ஆளு நின்ன மாதிரி.”

அப்பா வைத்தார். நல்ல காதைக்கூடச் சாய்க்கவில்லை, கையாலேயே கேட்டார். “அப்பல்லாம் இன்னும் கீழேருந்து வரும். தரையிலேருந்து ஏறும்” என்றார்.

வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமாவின் கை அப்படியே நின்றது. அப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். “மச்சான், மனு போட்டது நான்தான். தப்புப் பண்ணிட்டேன். உங்கிட்ட சொல்லாதது அதவிடப் பெரிய தப்பு.” அப்பா வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

மாமா படித்தார். மறுபடி படித்தார். காகிதத்தோடு வெளியே நடந்துவிட்டார். அம்மா பின்னாலேயே இரண்டு அடி ஓடி நின்றாள்.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அம்மா தட்டு வைப்பாள், எடுப்பாள். அப்பா வழக்கம்போல் பிரெட்டின் ஓரத்தை வெட்டித் தனியாக வைப்பார், சாயங்காலம் அது விறைத்துப் போகும். எங்கள் வீட்டில் முன்பிருந்த அமைதி தூக்கத்துக்கானது. இந்த அமைதியை எங்களால் தாங்க முடியவில்லை. நான் கலைக்கூடத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நோட்டின் கடைசிப் பக்கம் திறந்திருந்தது. மனுவைக் கிழித்த இடத்திலேயே திரும்ப ஒட்டியிருந்தார்கள், அப்பாவின் பெயரோடு. ஏற்பாட்டாளரைக் கேட்டேன். “அவரே கொண்டாந்து குடுத்தாருங்க. ஏன் நின்னுச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க, பதிலும் இருக்கட்டும்னாரு” என்றார். மாமா பெயரைப் போட்டுப் பழிவாங்குகிறாரா, பெயரைப் போட்டு மரியாதை செய்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். “அதுதான் சரி” என்றார்.

நாலாவது ஞாயிறு, நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபின் மணி அடித்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் அந்தத் தட்டச்சுக் காகிதக் கட்டு. அம்மா தட்டை வைத்தாள்.

“உங்கள மன்னிச்சுட்டேன்னெல்லாம் சொல்ல மாட்டேன் அத்தான்.”

“வேண்டாம்” என்றார் அப்பா.

மாமா ஒரு காகிதத்தை உருவினார். “இங்க 2.05க்கு அமுங்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது அமுங்கல. நான் வேணும்னே இறக்கினேன்.”

“அமுங்கிச்சு. நான் கை வெச்சுப் பாத்தேன்.”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு எங்கிட்ட சொல்றீங்களா? மூணு மணிக்கு ஏத்தணும்னா ரெண்டுக்கு இறக்கியே ஆகணும்.” மாமாவின் குரல் ஏறியது. பிறகு தானாகவே இறங்கியது. “நூத்திப் பன்னெண்டு வாரமும் 2.20க்குக் கிளம்பிப் போயிருக்கீங்க. நான் நல்லா வாசிச்சதெல்லாம் மூணு மணிக்கு மேலதான். அதுல ஒண்ணக்கூட நீங்க கேக்கல.”

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிரெட்டின் ஓரத்தை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார். நாற்காலியைத் திருப்பி, நல்ல காது மாமாவின் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

“மூணு மணிக்கு மேல என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

மாமா பிரெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தார்.